தலையில் இல்லாத பழுப்பு

டிசம்பர், முதல் ஞாயிறு. விழிஞ்ஞம்.
படகுகள் கரைசேரும் நேரம். மீன்கழிவு விழும் இடமெல்லாம் வெள்ளைச் சிறகுகள். துறைமுகத்துக்காரர்களுக்கு எல்லாமே கடல்காக்கைதான். தொலைநோக்கியோடு வந்தவருக்கு அது போதவில்லை. காகத்தைவிடச் சற்றே பெரிய பறவை, சுமார் 42 செ.மீ. நீளம். வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு, சிவந்த அலகும் கால்களும். பழுப்புத்தலைக் கடற்காகமா, கருந்தலைக் கடற்காகமா? பெயரில் இருக்கும் நிறம் குளிர்காலத்தில் இரண்டின் தலையிலும் இருப்பதில்லை. குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டார்.

அடுத்த ஞாயிறு. சங்குமுகம்.
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இங்கே அதற்குக் கம்பவலை என்று பெயர். இன்று அவர் தலையைப் பார்க்கவில்லை, சிறகு விரியக் காத்திருந்தார். விரிந்தது. நுனி அகலக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். கருந்தலைக்கு இப்படி இராது: சிறகின் முன்விளிம்பு வெள்ளை ஆப்புபோல் நீளும், கறுப்பு ஓரத்தில் கோடாக நிற்கும். பறவை மணலில் இறங்கியதும் கண்ணையும் பார்த்துக்கொண்டார். வெளிறிய விழி. ஆக, வளர்ந்த பழுப்புத்தலைதான்.

பக்கத்தில் நின்ற இளம்பறவைக்கு விழி கறுப்பு, சிறகில் புள்ளியே இல்லை, வாலில் கரும்பட்டை. கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அதைத் தவறாக எழுதியிருப்பார்.

அன்றிரவு.
புத்தகங்களைப் பிரித்தார். இந்தப் பறவையை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் ஜெர்டன், 1840இல், சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில். மீன்வாடைக்கு நடுவே பார்த்த பறவை கூடு கட்டுவதோ லடாக், திபெத் பீடபூமி ஏரிகளில். சோ மோரிரி ஏரி கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே கூட்டமாகத் தரையில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஏரி உறையுமுன் தெற்கே கிளம்பிவிடுகின்றன. நெடுநேரம் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி. வேளி.
ஆலாக்கள் மட்டும்.

மார்ச், கடைசி ஞாயிறு. விழிஞ்ஞம்.
அலைதடுப்புப் பாறையில் ஏழு. நான்கின் முகத்தில் காப்பிநிறம் ஏறியிருக்கிறது, பின்கழுத்துப் பக்கம் ஏறக்குறையக் கறுப்பாக முடிகிறது. ஒன்றுக்குத் திட்டுத்திட்டாக, பாதிதான் வந்திருக்கிறது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவரிடம் தொலைநோக்கியைக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். போகிற நேரத்தில்தான் இப்படி ஆகும் என்றார்.