நடத்தைத் தவறு

2021ஆம் ஆண்டின் மாரியில், உயர்கல்வியின் பொருட்டு ரொறன்ரோவில் வாழ்ந்த எனக்குக் கடிதமொன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அக்கடிதம் என் ஒன்றுவிட்ட அக்காவுக்கு வந்தது. வைத்தியசாலை ஒன்றிலே 18 ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்தவர் அவர். கொவிட் தடுப்பூசி பெறாத ஊழியரை விலக்குவதென அவ்வைத்தியசாலை விதி செய்தது. அக்கா ஊசி போட மறுத்தார், வேலை போயிற்று.

கனடாவில் வேலையிழந்தோர்க்கு, உச்ச வரம்புக்குட்பட்டு, ஊதியத்தின் 55 வீதத்தைச் சில காலம் வழங்கும் காப்புறுதித் திட்டமொன்று உண்டு. ஊழியரிடமும் தொழில்தருநரிடமும் அறவிடும் கட்டணமே அதன் நிதி. அக்காவும் ஒவ்வொரு சம்பளத்திலும் அதனைச் செலுத்தியவரே. ஆயினும் அவருக்குப் பணமில்லை என்றது கடிதம். அது காட்டிய காரணத்தை 'நடத்தைத் தவறு' என மொழிபெயர்த்தேன்.

அக்காவின் முகம் கறுத்தது. "தம்பி, என்ரை நடத்தையிலை என்ன பிழை கண்டவை?" என்றார். நம் சமூகத்திலே ஒரு பெண்ணின் 'நடத்தை' என்ற சொல் எதனைச் சுட்டுமென நான் விளக்கவேண்டியதில்லை.

சட்டத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. தீய எண்ணம் இருக்கவேண்டுமென்பதில்லை. மீறினால் வேலை போகலாமென அறிந்தும் விதியை வேண்டுமென்றே மீறினாற் போதும். விதி நியாயமானதா என்பது காப்புறுதி வழக்கில் ஆராயும் பொருளன்று என்ற நிலைப்பாட்டைச் சமஷ்டி நீதிமன்றமும் 2023இல் ஏற்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ அயோவா, கான்சஸ் முதலிய மாநிலங்கள் 2021இல் இதற்கு மாறாகச் சட்டமியற்றி, இவ்வாறு விலக்கப்பட்டோரும் உதவி பெற வழிசெய்தன.

நான் தடுப்பூசியை ஏற்றவன். நோயாளர் நடுவே பணிபுரிபவர் மறுப்பது தகாதென அக்காவோடு வாதிட்டவன். அவரை வேலையிலிருந்து விலக்கியதை இன்றும் குறைகூறேன். அது நோயாளரைக் காத்தது. காப்புறுதியை மறுத்தது எவரைக் காத்தது? தானே தேடிய இழப்பைப் பொதுநிதி ஈடுசெய்யாது என்பர். அதுவும் ஒரு நியாயமே. ஆனால், வாடகைக்குக் காசின்றி நின்ற அக்காவின் முன் அந்த நியாயத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவருக்காக நான் எழுதிய மீளாய்வு விண்ணப்பம் தோற்றது. அதன் தமிழ்ப் பிரதியில் மட்டும் 'நடத்தைத் தவறு' என்பதை வெட்டி, 'விதி மீறல்' என எழுதிக் கொடுத்திருந்தேன். அக்கா இருமுறை வாசித்தார்.

"இது சரி, தம்பி. இதை நான் செய்தனான்" என்றார்.