கொம்பனித்தெருவும் கொக்கோஸ் தீவும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் கொம்பனித்தெரு. இறங்கி நடந்தால் தெருப் பெயர்களே சரித்திரம் சொல்லும். மலே வீதி, ஜாவா லேன், றைபிள் வீதி. ஒல்லாந்தர் தங்களுக்கு அடங்காத ஜாவா நாட்டு இளவரசர்களையும் ஆலிம்களையும் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். சிப்பாய்களாகவும் பலரைக் கொண்டு வந்தார்கள். மகாஸர் நாட்டு ஷைகு யூசுப் (ரஹ்) அவர்கள் 1684இல் இங்கு கொண்டு வரப்பட்டார்கள். நாடு கடத்தப்பட்ட நிலையிலும் அரபியில் கிதாபுகள் எழுதினார்கள். பத்து வருடங்களில் அங்கிருந்தும் அகற்றி ஆபிரிக்காவின் தென்கோடிக்கு அனுப்பி விட்டார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் இம்மலாய் மக்களைக் கொண்டு அமைத்ததுதான் இலங்கை றைபிள் படை. 1873இல் அது கலைக்கப்பட்டதும் பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். படை போய்விட்டது; வீதியில் பெயர் மட்டும் நிற்கிறது.

இதே இரத்தத்தைச் சேர்ந்த இன்னொரு சிறு சமுதாயம் கொழும்பிலிருந்து சுமார் 2,800 கிலோ மீட்டர் தென்கிழக்கே, இந்து சமுத்திரத்தின் நடுவே வாழ்கிறது. கொக்கோஸ் தீவுகள். 27 பவளத் தீவுகள், எல்லாம் தென்னை. 1826 முதல் ஹேர் என்ற ஆங்கிலேயரும், அடுத்து வந்த க்ளூனிஸ் றொஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரரும் மலாய் மக்களைக் கொப்பரா வேலைக்குக் கொண்டு வந்து குடியேற்றினர். 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளை றொஸ் குடும்பத்துக்கே சாசனம் பண்ணிக் கொடுத்தார். கூலி, அந்தக் குடும்பம் அச்சடித்த தனிக் காசு. அது அவர்களது கடையில் மட்டுமே செல்லும்! ஐங்காலத் தொழுகையும் குர்ஆனும் தவிர அம்மக்களுக்குச் சொந்தம் என்று வேறென்ன இருந்திருக்கும்?

இப்படி ஒதுங்கிக் கிடந்த தீவுக்கு யுத்தம் ஏன் வந்தது? கடலடித் தந்திக் கம்பிகள் அங்கே கரையேறியதால். 1914 நவம்பர் 9ஆந் திகதி காலை ஜெர்மனியின் எம்டன் கப்பல் அங்கு சென்று தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியது. அதற்கு முன் செப்டம்பரில் சென்னைக்குக் குண்டு போட்ட அதே எம்டன்தான்; இன்றும் நம் பேச்சில் பொல்லாத ஆளுக்கு அந்தப் பெயர் உண்டு. நிலையத்தார் முந்திக்கொண்டு தந்தி கொடுத்து விட்டார்கள். அருகே சென்றுகொண்டிருந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. பிடிபட்டவர்களைக் கொழும்புத் துறைமுகத்துக்குத்தான் கொண்டு வந்தார்கள்.

கரையிறங்கிய ஜெர்மன் மாலுமிகள் ஐம்பது பேரளவில் தப்பினார்கள். றொஸ் குடும்பத்தின் பழைய பாய்க்கப்பலைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கப்பலின் பெயர் ஆயிஷா! சுமாத்திராவரை அதில் போய், வேறு கப்பல் மாறி எமனின் ஹுதைதாவில் இறங்கி, ஜித்தா வழியாக ஹிஜாஸ் ரயிலைப் பிடித்து 1915 மே மாதம் இஸ்தான்பூல் சேர்ந்தார்கள். உதுமானிய கிலாபத் அப்போது ஜெர்மனியின் பக்கம் யுத்தத்தில் இருந்தது.

இரண்டாம் யுத்தத்தில் கதை வேறு. சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்ததும் கொக்கோஸ் நிர்வாகம் இலங்கைத் தேசாதிபதியின் கைக்கு வந்தது. ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பிலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்கு ஓடினார்கள். அந்த நாட்களில் கொக்கோஸின் ஹோர்ஸ்பர்க் தீவில் பீரங்கிக் காவல் நின்றவர்கள் இலங்கை வாலிபர்களே. மே 8ஆந் திகதி இரவு அவர்களில் ஒரு பகுதியினர் கிராஷியன் பெர்னாண்டோ தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். வெள்ளை அதிகாரிகளின் இன அகம்பாவம் பொறுக்க முடியாமல், தீவை ஜப்பானியரிடம் ஒப்படைப்பது என்பது திட்டம். இயந்திரத் துப்பாக்கி இடையில் சிக்கிக்கொண்டது. சாமுவேல் ஜயசேகர என்ற சக சிப்பாய் கொல்லப்பட்டார், அவரும் இலங்கையரே. விடியுமுன் எல்லாம் முடிந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை, நால்வருக்குக் குறைத்தார்கள். பெர்னாண்டோ, கார்லோ கவுடர், பெனி டி சில்வா மூவரையும் ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த யுத்தத்தில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயச் சிப்பாய்கள் இம்மூவர் மட்டுமே.

அடிமைத்தனத்தை வெறுத்தது அவர்களது குற்றமல்ல. ஆனால் ஓர் எஜமானனை இறக்கி இன்னோர் எஜமானனை ஏற்றப் பார்த்தார்கள் என்பதும், சொந்த நாட்டுச் சகோதரனின் உயிர் போனது என்பதும் மறுக்க முடியாதவை. அந்தத் தீவுகளின் மலாய் முஸ்லிம்களிடமோ எந்தத் தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1945இல் ஆங்கிலேயர் தென்னைகளை வெட்டி விமானத் தளம் போட்டபோதும் கேட்கவில்லை. 1955இல் தீவுகளை அவுஸ்திரேலியாவுக்குக் கை மாற்றியபோதும் கேட்கவில்லை.

முதன்முதலாக அவர்களைக் கேட்டது 1984 ஏப்ரல் 6ஆந் திகதி. ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. தனி நாடா, கூட்டுறவா, அவுஸ்திரேலியாவோடு சேர்வதா என்பது கேள்வி. மிகப் பெரும்பாலோர் சேர்வதற்கே வாக்களித்தனர். இன்றும் ஹோம் தீவில் பாங்கு ஒலிக்கிறது, மலாய் பேசுகிறார்கள், நோன்புப் பெருநாள் அங்கே அரசாங்க விடுமுறை.