தொண்ணூற்றிரண்டு அதிகாரம் பாக்கி

மார்ச் 5, 2025, புதன். மணப்பாறை

இன்று சாம்பல் புதன். நேற்று இரவிலிருந்தே சந்தைக்கு மாடு ஏற்றி வரும் வண்டிகள் தெருமுனை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டது. படுத்துக் கிடக்க மனமில்லாமல் வேதாகமத்தை எடுத்தேன். சிவப்பு ரிப்பன் லேவியராகமம் 25இல் கிடந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் பென்சிலால் 'பிப். 4'. அதற்குப் பிறகு எந்தத் தேதியும் இல்லை.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கிய கையோடு எடுத்த தீர்மானம். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்பது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆதியாகமம் கதைபோல ஓடியது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின் அளவுகள் வந்ததும் வேகம் குறைந்தது. லேவியராகமத்தின் பலிமுறைகளைத் தூக்கக் கலக்கத்தோடுதான் கடந்தேன். பிப்ரவரி 5 அன்று திருப்புதல் தேர்வுத் தாள்கள் கட்டாக வீட்டுக்கு வந்தன. அன்று விட்டது, விட்டதுதான்.

கணக்கு டீச்சர் ஆகையால் உடனே கணக்குப் போட்டேன். நேற்றோடு 28 நாள், அதாவது நான்கு வாரம். வாரத்துக்கு 23 வீதம் 92 அதிகாரம் பாக்கி. லெந்து நாட்களுக்குள் அடைத்துவிட வேண்டும். தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, அன்றன்றைக்கு மூன்று, பாக்கிக்கு மூன்று, ஆக ஆறு அதிகாரம். அதன்பின் அரை மணி நேரம் ஜெபம். சாயங்கால ஆராதனையில் முழங்காலில் நின்றபோது இதையே பொருத்தனையாகச் சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு நாள் ஆறாறு வாசித்தேன். வெளிச்சம் போட்டால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று போனில்தான் வாசிக்கிறேன். எண்ணாகமம் முதல் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. விரல் திரையைத் தள்ளத் தள்ள கண்ணும் கூடவே வழுக்கிப் போயிற்று. ஒரு பெயரும் நினைவில் இல்லை. நான்காம் அதிகாரம் பாதியில் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதற்குப் பதில் போட்டுவிட்டுத் திரும்பினால் மணி ஐந்தே முக்கால்.

ஜெபம்? முழங்காலில் நின்றேன். பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, வீட்டுக்காரரின் முதுகுவலி, அத்தையின் கண், கடைசித் தங்கையின் கல்யாணம் என்று விண்ணப்பங்களை அடுக்கிவிட்டு ஆமென் சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 12, புதன்

விட்டுவிட்டேன். திங்கள் எழவில்லை. செவ்வாய் எழுந்தும் போனைத் திறக்க மனம் வரவில்லை. வேதம் வாசிக்காத நாளில் ஜெபிக்கவும் கூசுகிறது. கடன் வாங்கியவன் கொடுத்தவர் வீட்டுத் தெருவை விட்டுச் சுற்றிப் போவான் அல்லவா, அப்படித்தான் நான் கர்த்தரை விட்டுச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

விளக்கு வைத்த பிறகு அத்தை வழக்கம்போலக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தன் பெரிய எழுத்து வேதாகமத்தை விரித்து வைத்திருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காணும் காட்சி இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது பள்ளியில், சரளமாக வாசிக்கப் பழகியது சங்கீதத்தில் என்பார்கள். காலையில் ஒரு சங்கீதம், இரவில் சுவிசேஷத்தில் ஒரு பகுதி. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

காப்பி கொடுக்கப் போனவள் பக்கத்தைப் பார்த்தேன். சங்கீதம் 90. போன வாரமும் அதே பக்கம் விரிந்திருந்தது நினைவுக்கு வந்தது. "அத்தை, இன்னும் இதே சங்கீதமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுத்து தெரியல மா. தீபாவளிக்கு முன்னாடியே போயிருச்சு. புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டா போதும்னு உக்காந்திருக்கேன்" என்றார்கள்.

நான்கு மாதத்துக்கு மேல். ஒரே வீட்டில் நான் 92 அதிகாரத்துக்கு அழுதுகொண்டிருக்கிறேன், பக்கத்து அறையில் ஒரு வசனம் கேட்க வழியில்லாமல் ஒரு ஜீவன் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் முறுக்கு வாங்கப் போனேன். அவர்கள் கத்தோலிக்கர். முப்பது வருஷமாக வீட்டிலேயே முறுக்குப் போடுகிறார்கள். எங்கள் ஊர் முறுக்கை முதலில் அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். ஒரே முறையில் பொரித்தால் அந்த மொறுமொறுப்பு வராது. அதிகாலை நான்குக்கே அடுப்பு எரியும்.

"இத்தனை வேலைக்கு நடுவுல எப்பக்கா ஜெபம் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"கையெல்லாம் மாவு, மணி உருட்டவா முடியும்? பத்து முறுக்கு பிழிஞ்சா செபமாலையில ஒரு பத்து முடிஞ்சிச்சு. ஐம்பதுக்கு ஒரு செபமாலை. தப்பவே தப்பாது."

நான் நேரத்தைத் தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா எப்படியும் செய்தே தீரவேண்டிய வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிட்டார்கள். மாவு பிசையாத நாள் இல்லை, அதனால் ஜெபம் இல்லாத நாளும் இல்லை.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள் சபையில் 2025 யூபிலி ஆண்டாம். 25 வருஷத்துக்கு ஒரு முறை வருவதாம். "கடனெல்லாம் மன்னிக்கிற வருஷம்மா. உங்க பைபிள்லயும் லேவியர்ல இருக்குமே" என்றார்கள்.

வீட்டுக்கு ஓடி வந்து ரிப்பன் கிடந்த பக்கத்தைத் திறந்தேன். அதே 25ஆம் அதிகாரம். ஐம்பதாம் வருஷத்தில் எக்காளம் ஊதி, விற்ற நிலம் உடையவனிடமும் அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திடமும் திரும்பச் சொல்லும் யூபிலி அதிகாரம். பிப்ரவரி 4 அன்று நான் இதை வாசித்துத் தேதியும் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. தரையில் உட்கார்ந்து முழுவதையும் நிதானமாக வாசித்தேன். பிறகு பாக்கிக் கணக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

புதிய ஏற்பாடு. நேரம்: பால் காய்ச்சி, அத்தைக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கும் ஐந்தரை மணி. இடம்: அத்தையின் கட்டில் ஓரம். அளவு: ஒரே அதிகாரம், சத்தமாக. போன் சமையலறை அலமாரியில் கிடக்கும். மாற்கு ஒன்றாம் அதிகாரம். இயேசு இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்கு ஜெபிக்கப் போனதை வாசித்தபோது அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார்கள். "அதுக்கு முந்தின ராத்திரி பூரா வியாதிக்காரங்களா வந்திருக்காங்க. தூங்கியிருப்பாரா பாரு" என்றார்கள். எத்தனை முறை வாசித்த பகுதி! அந்த இரவையும் விடியலையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மார்ச் 22, சனி

ஆறாம் நாள். சத்தமாக வாசித்தால் கண் வழுக்கிப் போக முடியாது, வாய் ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும். இது பெரிய உதவி.

ஜெபத்தில்தான் தடுமாற்றம். அத்தை ஒரு வழி காட்டினார்கள்: வாசித்ததிலிருந்தே ஒன்றை எடுத்து ஜெபி. இன்று ஆறாம் அதிகாரம், ஐந்து அப்பம். என் வகுப்பில் சாப்பிடாமல் வரும் இரண்டு பிள்ளைகளின் முகம் உடனே வந்தது. அவர்களுக்காக ஜெபித்தேன். ஜெபித்த பின் சும்மா இருக்க முடியவில்லை. திங்கள் முதல் டிபன் டப்பா ஒன்று கூடுதலாக எடுத்துப் போகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

பையனுக்கு இன்று தமிழ்ப் பரீட்சை. தானாகவே வந்து கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். கூப்பிடவில்லை. மாற்கு 12, ஏழை விதவையின் இரண்டு காசு. அவன் ஆயா, அதாவது அத்தை, அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பரீட்சையைப் பற்றி ஒரே ஒரு வரிதான், மீதியெல்லாம் அவன் நல்ல மனுஷனாக வளர வேண்டும் என்று.

ஏப்ரல் 3, வியாழன். திருச்சி

லீவு போட்டு அத்தையைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். விழித்திரை கெட்டுவிட்டது, இனி எழுத்து தெரிய வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆஸ்பத்திரிப் படியில் நின்று, "நீதான் வாசிக்கிறியே" என்றார்கள். அவ்வளவுதான். பிறகு, "பிஷப் ஹீபர் கல்லறையைப் பாத்துட்டுப் போவோமா? இன்னிக்குத் தேதி மூணு" என்றார்கள்.

தூய யோவான் ஆலயத்தில் பீடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் ரெஜினால்ட் ஹீபர். கல்கத்தாவின் பிஷப். 1826 ஏப்ரல் 3 அன்று இறந்தபோது வயது 42. அன்று அதிகாலை கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபைக்குப் போய் திடப்படுத்தல் நடத்தி, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறியிருக்கிறார். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வெயில் தணியக் குளிக்க இறங்கியவர் எழுந்து வரவில்லை. அவருடைய நாளின் முதல் வேலை எங்கள் மொழியில் ஒரு ஆராதனை. அதுவே கடைசி வேலையாகவும் ஆயிற்று.

அந்தக் கோட்டைச் சபை சுவார்ட்ஸ் ஐயர் கட்டி எழுப்பியது. தெப்பக்குளத்துப் பக்கம் போய் அந்தக் கிறிஸ்து ஆலயத்தையும் பார்த்தோம். 1766இல் கட்டியது. 1762இல் திருச்சிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி அவர். கட்டில் போட்டால் நிறைந்துவிடும் ஒரு பழைய கட்டட அறையில், வருஷத்துக்கு 48 பவுண்டு சம்பளத்தில், சோறும் காய்கறியும் சாப்பிட்டு வாழ்ந்தவர். காலையில் உபதேசிமார்களைக் கூட்டி வைத்து வாசித்து, ஜெபித்து, ஊர்களுக்கு அனுப்புவாராம். சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று சொல்ல, மறுபடி சேர்ந்து ஜெபம். போரும் பஞ்சமும் நடந்த காலம். இரண்டு வேளைக்கும் அவரோடு ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் இன்று என் மனதில் நிற்கிறது. தனி அறையில் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன இயேசுதான், இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் தாம் இருப்பதாகவும் சொன்னார். எனக்குக் கதவைப் பூட்டத் தெரியவில்லை. கட்டில் ஓரம் உட்காரத் தெரிந்திருக்கிறது.

பஸ்ஸில் அத்தை தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

திருச்சிக்குப் போன அன்றும் மறுநாளும் வாசிக்கவில்லை. பிறகு ரூத் தொடங்கினோம், அத்தையின் விருப்பம். மாமியாரும் மருமகளும் வழியில் நின்று பேசும் இடத்தில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று நான்காம் அதிகாரத்தோடு முடிந்தது. விட்ட இரண்டு நாளைப் பற்றி அத்தை கேட்கவில்லை. நானும் எண்ணவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

ரிப்பன் கிடந்த இடத்துக்கே போனோம். லேவியராகமம் 26 நேற்று, 27 இன்று. பரிசுத்த வாரம் வருவதால் நாளை முதல் யோவான் 12இல் தொடங்கி நாளுக்கு ஒன்று.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

யோவான் 19. வாசித்து முடித்த பின் யாரும் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப் போயிற்று.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

நான்கு மணி ஆராதனைக்கு எல்லாரும் போய் வந்தோம். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாப் பாட்டையும் பாடினார்கள்.

நாளை எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி தொடங்குகிறது. முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தேகாலுக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாத இறுதிவரை இப்படித்தான். காப்பி நேரத்துக்கு வீட்டில் இருக்க முடியாது. இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் படிக்கிறேன்" என்றான்.

படுக்கும் முன் ரிப்பனை எடுத்து எண்ணாகமம் ஒன்றில் போட்டு அவனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "என்னம்மா, வெறும் பேரா இருக்கு. இதைத் தாண்டிப் படிக்கட்டுமா?" என்று கேட்டான்.

உள்ளே இருந்து ஆயாவின் குரல் வந்தது: "ஒரு பேரையும் விடாம படிடா தங்கம். மெதுவாப் படி. நான் கேக்கணும்."