பிறகு என்னும் சொல்

ஒரு பொருளை வாங்கக் கடையில் நிற்கும் வேளையில், பொருளைவிட நம்மைப் பற்றியே சில செய்திகள் நமக்குத் தெரியவருகின்றன. சென்ற ஆண்டு எனக்கு அவ்வாறு நேர்ந்தது.

அம்மா மறைந்த பின் அப்பா தூத்துக்குடி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு தங்க வந்தார். வயது எண்பத்தாறு. வீட்டின் சிறிய அறையை அவருக்கென ஒழித்துக் கொடுத்தோம். வந்த மூன்றாம் நாள், “எனக்குன்னு ஒரு டி.வி. இருந்தா நல்லாயிருக்கும்” என்றார். தமக்கென்று எதையும் கேட்டறியாத மனிதர் அவர்.

கணினி படிக்கும் என் மகன் உடனே ஒரு யோசனை சொன்னான். “தாத்தாவுக்கு மானிட்டரே போதும்ப்பா. டி.வி.யில டியூனர் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அது நமக்கு எதுக்கு?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வானில் எண்ணற்ற அலைகள் ஒரே நேரத்தில் அலைவாங்கிக் கம்பியைத் தொடுகின்றன. அவற்றுள் நாம் வேண்டும் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையவற்றை விலக்கிவிடும் உறுப்பே டியூனர். மானிட்டருக்கு அது கிடையாது. கம்பி வழியே கொடுத்ததைக் காட்டும், அவ்வளவே. இன்றோ அந்தப் பிரித்தெடுக்கும் வேலையை வெளியே வைக்கும் செட்டாப் பாக்ஸ் செய்துவிடுகிறது. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளுள் பெரும்பாலானவற்றை 2022-ஆம் ஆண்டுக்குள் மூடிவிட்டது. மாதக் கட்டணமின்றி அலைவரிசைகளைத் தரும் அதன் ‘ஃப்ரீ டிஷ்’ சேவைக்கும் மொட்டைமாடியில் ஒரு தட்டும், உள்ளே ஒரு பெட்டியும் இருந்தால் போதும். ஆகவே, எங்கள் வீட்டில் ஒருநாளும் உழைக்கப்போகாத உறுப்புக்காக ஏன் செலவிட வேண்டும் என்பதே மகனின் கேள்வி.

டியூனர் என்ற சொல்லைக் கேட்டதும் என் நினைவு பழைய வீட்டு மாடிக்கு ஏறிற்று. அது எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் 1975-இலேயே தொலைக்காட்சி வந்துவிட்டபோதிலும் எங்கள் கரைக்கு அது எட்டவில்லை. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் எங்களுக்குத் தொலைக்காட்சியாயிற்று. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையிலிருந்து புறப்பட்ட அலை, மன்னார் வளைகுடாவைக் கடந்து எங்கள் மாடிக்கு வந்து சேரும். அப்பா மாடியில் நின்று அலைவாங்கிக் குழாயைத் தென்கிழக்காகத் திருப்புவார். நான் கீழே கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முன் அமர்ந்து, கடக் கடக்கென்று குமிழைத் திருகுவேன்.

“தெரியுதாலே?”

“கோடு கோடா வருதுப்பா!”

“இப்ப?”

“தெரியுதுப்பா, இறங்கி வாங்க!”

அவர் இறங்கி வருவதற்குள் காற்று குழாயை அசைத்துவிடும், மறுபடியும் ஏறுவார். சிங்களம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆயினும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு முகத்தைத் தம் கையாலேயே பிடித்துக் கொணர்ந்த பெருமிதம் அவர் கண்களில் மின்னும்.

நினைவு நினைவாக இருக்கட்டும், கணக்கு கணக்காக இருக்கட்டும் என்றெண்ணி, மானிட்டர் வாங்கும் முடிவோடுதான் கடைக்குப் போனேன். “யாருக்கு சார்?” என்று கேட்டார் விற்பனையாளர். “அப்பாவுக்கு. பிறகு பையனுக்கும் உதவும்” என்றேன்.

சொன்ன மறுகணமே அந்தப் ‘பிறகு’ என் நெஞ்சில் தைத்தது. எதற்குப் பிறகு? டியூனரின் பயனின்மையைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் வேறொரு கணக்கை நான் யாரும் அறியாமல் போட்டு வைத்திருந்தேன். அப்பாவின் நாள்கள் முடிந்ததும் வீணாகாமல் மகனின் மேசைக்குப் போகவேண்டிய பொருள் அது. அவர் உயிரோடு அறையில் அமர்ந்திருக்க, அவர் இல்லாத அறையை என் மனம் அளந்து முடித்திருந்தது.

மீண்டும் ஒருமுறை மானிட்டரைப் பார்த்தேன். இம்முறை அப்பாவின் கண்களோடும் கைகளோடும். படம் மிகத் துல்லியம். ஆனால் நான் பார்த்த அந்த மானிட்டரில் ஒலிபெருக்கி இல்லை. ரிமோட்டும் இல்லை, பொத்தான்கள் அடிவிளிம்பில் கடுகளவாக ஒளிந்திருந்தன. பெட்டியிலிருந்து சைகை வரவில்லையெனில் திரை தானே இருண்டு உறங்கிவிடும். நடுங்கும் விரல்களால் அவர் அதை எழுப்ப இயலாது. ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவரை அழைக்க வேண்டும். சில நாள்களில் அழைக்கத் தயங்குவார். பிறகு அழைக்காமலே இருந்துவிடுவார். நான் மறுக்க வேண்டியிருந்தது டியூனர் பற்றிய மகனின் வாதத்தையன்று, என் கணக்கையே.

முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி வந்தேன். விலை சற்றுக் கூடுதல்தான். மகனிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சுவரில் துளையிடும் கருவியை எடுத்துவந்தான்.

பெட்டியை மாட்டுமுன் அப்பா அதன் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். அலைவாங்கிக் கம்பி செருகும் வட்டத் துளையை அவர் விரல் தானாகவே கண்டுகொண்டது. “இது இன்னும் வைக்கிறானா!” என்றார். அதில் செருக எங்களிடம் எதுவும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

முக்காலியின் மேல் ஏறி நின்று செட்டாப் பாக்ஸின் கம்பியை இணைத்தேன். திரை எனக்குத் தெரியவில்லை.

“தெரியுதாப்பா?”

சற்று நேரம் பதில் இல்லை. பின்பு நாற்காலியிலிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது.

“தெரியுதுலே. இறங்கி வா.”