பெயரில் மட்டும் சமுத்திரம்

எங்கள் பாலசமுத்திரத்தில் பழனி மலைக்காற்று வரும்; உப்புக்காற்று வராது. இங்கேதான் என் அக்கா மகன் கடல் மீன் வளர்க்கிறான். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில், ஆக்ஸிஜன் அடைத்த பையில் வந்த ஒரு ஜோடி கோமாளி மீன்.

நீங்களும் ஆசைப்பட்டால், முதலில் தொட்டி. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா புதுத் தொட்டியில் குடியேறவே நாலைந்து வாரம் ஆகும். பழைய தொட்டிக் கல் ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஆகும்.

அடுத்து பை. 'பையைத் திறந்து வைத்து, தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டவிடு' என்பார்கள். தூரத்திலிருந்து வந்த மீனுக்கு வேண்டாம் சார்! மூடிய பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்கியிருக்கும். அந்த அமிலத்தில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, சாதுவாகக் கிடக்கும். முடிச்சை அவிழ்த்தீர்களோ, வாயு பறக்கும், அமிலம் குறையும், சாது விஷமாகிவிடும். பஸ்ஸில் பிழைத்தது வீட்டுக்கு வந்து சாகும்.

கடைத் தண்ணீரின் உப்பு அளவை முன்பே போனில் கேட்டு, தொட்டியிலும் அதையே வையுங்கள். பையைக் கட்டியபடி இருபது நிமிஷம் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். அவிழ்த்ததும் மீனை மட்டும் சட்டென்று உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. வாசல் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், உப்பு!