சாவியை எடுத்த பின்னும்

சிறு துளி பெரு வெள்ளம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சேமிப்பின் சிறப்பை எடுத்துரைப்பதுண்டு. துளித்துளியாகச் சேர்வது போலவே துளித்துளியாக வடிந்துபோவதும் உண்டு என்பதை அவர்களுக்கு நாம் சொல்வதில்லை. நமக்கே அது நினைவில் நிற்பதில்லை. அந்தப் பாடத்தை மட்டாஞ்சேரியின் குறுகிய சந்து ஒன்றில், ஒரு நள்ளிரவில் நான் கற்றேன். கொடுத்த விலை பெரிது. அன்பர்கள் எவரும் அவ்விலையைக் கொடுக்க வேண்டாம் என்னும் எண்ணத்தினாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

மிளகும் சுக்கும் மணக்கும் கடைத்தெரு, 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஆலயம், கொங்கணியரும் குஜராத்தியரும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் வீடுகள் – இதுவே நான் பிழைக்க வந்த இடம். வில்லிங்டன் தீவிலுள்ள அலுவலகத்திற்கு ஸ்கூட்டரில் போய்வருவேன். கடன் பெற்று வாங்கிய சிறிய கார், பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நிற்கும். அதை வாங்கியதே தென்காசியில் இருந்த அம்மாவைப் பார்த்துவரத்தான்.

சாலையைப் படம் பிடிக்கும் சிறு கேமரா ஒன்றை முன்கண்ணாடியில் பொருத்தினால் விபத்து வழக்குகளில் உதவும் என்று நண்பர் ஒருவர் கூறினார். பொருத்தினேன். அதன் கம்பி, கியருக்கு முன்னால் உள்ள சாக்கெட்டில் சொருகிய சார்ஜரில் இணைந்திருந்தது. காரைப் பூட்டிவிட்டு வரும்போது அந்தச் சார்ஜரில் நீல விளக்கு ஒன்று எரிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இருட்டில் அது அழகாக இருக்கிறதே என்று எண்ணியதும் உண்டு.

ஒருநாள் இரவு ஒரு மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, அம்மா உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒடனே கெளம்பி வா" என்றான். பத்து நிமிடத்தில் மனைவியும் மகளும் காரில் அமர்ந்துவிட்டனர். சாவியைத் திருப்பினேன். 'டக் டக்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் எழவில்லை. மீண்டும் திருப்பினேன், அந்த ஒலியும் அடங்கியது. கார் ஒன்பது நாள் நின்றிருந்தது.

தள்ளிப் பார்க்கலாம் என்றால் வளைந்து செல்லும் சந்தில் வேகம் பிடிக்க இடமில்லை. வாடகைக் கார்க்காரர்கள் சிலரை அழைத்தோம். அந்த நேரத்தில் மலை தாண்டி வர எவரும் உடன்படவில்லை. இறுதியில் அடுத்த வீட்டுக் குஜராத்தி வணிகரைத் தயங்கித் தயங்கி எழுப்பினேன். "இதற்கா யோசித்தீர்கள் சார்?" என்று மலையாளத்தில் கடிந்துகொண்டே அவர் தம் காரைக் கொண்டுவந்தார். ஆனால் இரு பேட்டரிகளையும் இணைக்கும் கம்பி எங்கள் இருவரிடமும் இல்லை. தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அதைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி நான்கு.

கோட்டயம், புனலூர், ஆரியங்காவு வழியாக நாங்கள் தென்காசி சென்று சேர்ந்தபோது பத்து மணி ஆகியிருந்தது. அம்மாவின் கண்கள் திறந்திருந்தன, பேச்சு நின்றுவிட்டது. எட்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தார் என்று தம்பி கூறினான். நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஒரு மணிக்குப் புறப்பட்டிருந்தால் ஏழு மணிக்குச் சேர்ந்திருப்பேன் என்னும் கணக்கைப் போடாமல் இருக்க என்னால் இயலவில்லை. நான்காம் நாள் அம்மா போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து கொச்சி திரும்பியபின் பேட்டரிக் கடைக்காரர் மற்றொரு கணக்கைச் சொன்னார். சிறிய காரின் பேட்டரி ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. எஞ்சினைக் கிளப்பும் மோட்டார் அந்த ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை ஈடுசெய்துவிடும். என் கேமரா உண்டது வெறும் கால் ஆம்பியர்தான். ஆயினும் அது இரவு பகலாக உண்டது. நாளொன்றுக்கு ஆறு ஆம்பியர்-மணி; ஆறே நாளில் முழுப் பேட்டரியும் காலி. காரின் கடிகாரமும் பூட்டும் குடிக்கும் சிறிதளவு மின்சாரம் இதில் சேராது. அன்றியும், இவ்வாறு முற்றிலும் வடிந்து கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுவதால், மீண்டும் மின்னேற்றினாலும் பழைய வலு திரும்புவதில்லை.

எல்லாக் கார்களிலும் இப்படி நேர்வதில்லை. சிலவற்றில் சாவியை எடுத்ததும் சாக்கெட்டில் மின்சாரம் நின்றுவிடும், சிலவற்றில் நிற்காது. இதை அறிவது எளிது. சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரைமணி கழித்து வந்து பாருங்கள். சார்ஜரின் விளக்கு இன்னும் எரிந்தால் உங்கள் சாக்கெட் உறங்காத சாக்கெட். இறங்கும்போதெல்லாம் சொருகியவற்றைப் பிடுங்கிவிடுவதே அதற்கு மருந்து. கேமரா நிலையாக வேண்டுமெனில், சாவியோடு அணையும் ஃபியூஸில் அதை இணைத்துத் தருமாறு எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம்.

வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் காரை ஓட்டுவது நன்று. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுவதால் பெரும்பயன் இல்லை. மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், சில மணி நேரம் ஓடாது நின்ற காரின் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி வடிந்துவிட்டது என்று பொருள். இணைப்புக் கம்பி ஒன்றைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்மையையும் அவ்வப்போது துடைத்துவிட வேண்டும்.

வெளியூரில் வாழும் நம்மவரில் பலருக்குக் கார் என்பது ஊருக்குப் போகும் வழி. அன்றாடம் அதற்கு வேலையில்லை. ஆனால் வேலை வரும் நாளில் அது ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. "அடுத்த மாதம் போகலாம்" என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சொல்லித் தள்ளிய நாட்களில்தான் அந்தப் பேட்டரியும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. மாதம் இருமுறை ஊருக்குப் போய்வந்திருந்தால் காரும் விழித்திருக்கும், அம்மாவுடனும் பேசியிருப்பேன்.

இப்போது காரைப் பூட்டுமுன் என் மகள் குனிந்து பார்க்கிறாள். "விளக்கு எரியலப்பா" என்று அவள் சொன்ன பின்பே நான் கதவைச் சாத்துகிறேன்.