நாலு விரற்கடை

கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தியைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். அதன் ஒளியைக் கலங்கரை விளக்கென்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் வந்து மோதினவாம். அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருக்கிறார்களாம். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மூக்குத்திக்குள் திரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. அது எப்படி எரியும்? என் பாட்டி சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "அது எங்கேடே எரியுது? விளக்குல்லா எரியுது! பட்ட வெளிச்சத்தை அது திருப்பிச் சொல்லுகு, அம்புட்டுதான்."

அந்தப் பதிலை நான் மறுபடி நினைத்துக்கொள்ள நேர்ந்தது சென்ற ஐப்பசியில், வடசேரியில், ஒரு தங்க ஆசாரியின் பட்டறைத் திண்ணையில்.

வடசேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் நிலையம் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்குக் கனகமூலம் சந்தை. இரண்டின் இரைச்சலையும் தாண்டிச் சந்துக்குள் போனால் சின்னச் சுத்தியலின் சத்தம் கேட்கும். பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் தலையில் சூடும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, இடுப்பில் கட்டும் ஒட்டியாணம் எல்லாம் பிறக்கிற இடம் அது. சுவாமிக்குச் சாத்துகிற நகைகளின் வழியில் வந்தவை ஆகையால் கோயில் நகை என்று பெயர். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. வெள்ளித் தகட்டில் உருவம் செய்து, குழிகளில் அரக்கை நிரப்பி, அதன்மேல் சிவப்புக் கெம்பும் பச்சைக் கல்லும் பதித்து, ஓரத்தைத் தங்க ரேக்கால் அணைத்து மூடுவார்கள். முன்பு போல் இப்போது பட்டறைகள் இல்லை. இருக்கிறவற்றில் ஒன்று என் அண்ணாச்சியுடையது. உறவு இல்லை, பழக்கத்தால் அண்ணாச்சி. எண்பது தாண்டியவர்.

தங்கையின் பேத்திக்கு அரங்கேற்றம். அவளுடைய பழைய ராக்கொடியில் ஒரு கல் விழுந்துவிட்டது. அதைப் பதித்து வாங்கப் போனேன். அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உலையில் நெருப்பு இல்லை. சாமணமும் ஊதுகுழலும் பலகையின் மேல் அப்படியே கிடந்தன.

"வாங்க தம்பி, இரிங்க" என்றார். பிறகு பேசவில்லை.

உள்ளே கதவோரம் அவருடைய பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் அவளுக்கு வேலை. கடையின் பெயர் வேண்டாம்.

மெள்ள மெள்ள விஷயம் வந்தது. முந்தின நாள் இரவு கடையில் சரக்கு எண்ணியபோது ஒரு சந்திரப்பிரபை குறைந்தது. கடைசியாக அதை எடுத்துக் காட்டியவள் இவள். யாரும் இவளைத் திருடி என்று சொல்லவில்லை. "நாளைக்கு வரண்டாம், சொல்லி விடுகோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் தொட்டது உண்டு, மாமா. எடுத்தது இல்லை" என்றாள் அவள்.

தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. சொல்கிறவர்களுக்கு அது வேடிக்கை. அண்ணாச்சி அறுபது வருஷமாக அந்தப் பழமொழியைத் தலைமேல் வைத்துக்கொண்டு பிறத்தியார் பொன்னை உருக்கிக் கொடுத்திருக்கிறார். "ஒரு குந்துமணிப் பொன்னுக்கு எனக்க மேலே பேச்சு வந்ததில்லே, தம்பி" என்றார். குரல் நடுங்கியது.

"தேடிப் பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல்லா தேடிச்சு" என்றாள் பேத்தி.

அந்த மெஷினைப் பற்றி அவள்தான் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு நகையிலும் நூலில் கோத்து ஒரு சின்னச் சீட்டுத் தொங்கும். 'டேக்' என்பார்கள், ஆர்.எஃப்.ஐ.டி. என்று முழுப்பெயர் போன்ற ஒரு சுருக்கப் பெயர். அதில் கடுகளவு சில்லு ஒன்றும், கோடு இழுத்தாற்போல் ஏரியல் ஒன்றும் உண்டு, பாட்டரி கிடையாது. கைத்துப்பாக்கி போன்ற கருவியைத் தட்டுகளின் மேல் காட்டினால் அது வானொலி அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே சீட்டு உயிர் பெற்று, தன் நம்பரை அதே அலையில் திருப்பிச் சொல்கிறது. முன்பு கடை அடைத்த பிறகு இரண்டு மணி நேரம் எண்ணியதை இப்போது சில நிமிஷத்தில் எண்ணிவிடலாம். எனக்குப் பாட்டியின் மூக்குத்தி ஞாபகம் வந்தது. 1948-ல் ஹாரி ஸ்டாக்மன் என்பவர் திரும்பி வரும் அலையாலேயே செய்தி சொல்லலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். பாட்டி அதைப் படித்தவள் அல்ல.

மெஷின் இரண்டு தடவை பார்த்தும் அந்த நம்பர் வரவில்லை. மெஷினுக்கு யார்மேலும் விரோதம் இல்லையே! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பழமொழி என் மனசிலும் எட்டிப் பார்த்தது. கதை எழுதுகிறவன் மனிதர்களை அறிந்தவன் என்று பெயர். ஒரு கருவியின் வார்த்தைக்கு முன்னால் முப்பது வருஷப் பழக்கம் என்னிடம் அவ்வளவு நேரம்தான் நின்றது. அந்த வெட்கத்தில்தான் எழுந்து போய்க் கோட்டாற்றிலிருந்து என் சிநேகிதரை அழைத்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி: "சீட்டு எங்கேம்மா தொங்கிச்சு?"

"தொங்கல்லே, சார். ஸ்டாண்டிலே வைக்கச் சொன்னாங்க. நூலிலே தொங்கினா முன்பக்கம் அசிங்கமா தெரியும்னுட்டு, நூலை அறுத்து, பின்னாலே ஒட்டி வச்சேன்."

"பின்பக்கம் என்ன?"

"வெள்ளித் தகடு."

"அது போதும்" என்றார் சிநேகிதர்.

திண்ணைத் தூணில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனையைப் பிடித்து ஒரு உதறு உதறினார். மேடாக ஒரு அலை ஓடித் தூணில் முட்டிப் பள்ளமாகத் திரும்பி வந்தது. "முடிச்சைப் பாருங்கள்" என்றார். எத்தனை உதறினாலும் முடிச்சு அசையவில்லை. "உலோகத்தின் மேற்பரப்பு என்பது இந்த முடிச்சு. வருகிற அலையும் தலைகீழாகத் திரும்புகிற அலையும் அங்கே ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதன்மேல் ஒட்டின சீட்டுக்கு அலை இல்லை. அலை இல்லாவிட்டால் அதற்கு மூச்சே இல்லை. போதாதற்கு, உலோகம் இவ்வளவு கிட்டே இருந்தால் ஏரியலின் சுருதியும் கலைந்துபோகும், தம்புராத் தந்திமேல் விரலை வைத்தாற்போல."

1888-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் இதைக் கண்ணால் பார்த்தாராம். பாடசாலை மண்டபத்துச் சுவரில் பெரிய துத்தநாகத் தகட்டை அறைந்து, எதிரே இருந்து மின் அலையை வீசி, சின்னக் கம்பி வளையம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். வளையத்தின் இடைவெளியில் பொறி பறந்தால் அங்கே அலை இருக்கிறதென்று அர்த்தம். தகட்டுக்குப் பக்கத்தில் பொறி அவிந்துவிட்டது. விலகி வந்தால் மறுபடி பறந்தது.

"அப்படியானால் எவ்வளவு விலக வேண்டும்?" என்றேன்.

சிநேகிதர் கணக்குச் சொன்னார். நம் நாட்டில் இவ்வகைச் சீட்டுகளுக்கென்று 2005-ல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் உபயோகிக்க விட்டார்கள். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், அதாவது முக்கால் முழம். அதில் கால்பங்கு, நாலு விரற்கடைக்குச் சற்றே கூடுதல், தள்ளி நின்றால் அதே தகடு பகை இல்லை, துணை. வருகிற அலையோடு திரும்புகிற அலையும் சேர்ந்துகொள்ளும். அடுத்துப் போனால் வாயை அடைக்கிற சுவர், அளவோடு விலகினால் குரலைப் பெருக்கிக் கொடுக்கிறது. நகையிலிருந்து நாலு விரற்கடை தள்ளி யாரும் சீட்டு மாட்ட முடியாது. ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடம் விட்டால்கூட, கிட்டே இருந்து கேட்கிற அளவுக்குக் குரல் வந்துவிடும்.

அண்ணாச்சி இதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது கேட்டார்: "கெம்புக்கு அடியிலே பளபளப்பா தாளு வச்சாத்தான் கல்லு சிரிக்கும். அதுவும் வெளிச்சம் திரும்பதுதானே? இது மட்டும் ஏன் செத்துப்போகுது?"

சிநேகிதர் அவரை மரியாதையுடன் பார்த்தார். "நல்ல கேள்வி, ஆசாரியாரே. வெளிச்சமும் அலைதான். ஆனால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கல்லின் கனம் அதற்குக் காததூரம். அதனால் தாள் ஒளியைக் கொல்லாமல் திருப்பித் தருகிறது. இந்தச் சீட்டின் அலைக்கோ முக்கால் முழ நீளம். அதற்கு உங்கள் தகடு மூக்கோடு மூக்காக நிற்கிறது."

மறுநாள் காலை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். பேத்தி வெளியே நின்றாள். முதலாளி கெட்டவர் அல்ல. காப்பி வரவழைத்தார். "நான் என்ன செய்யட்டும்? மெஷின் ரெண்டு வாட்டி பார்த்து, இல்லைன்னு சொல்லிட்டே" என்றார்.

"இல்லை என்று அது சொல்லவில்லை. அது ஒன்றுமே சொல்லவில்லை" என்றார் சிநேகிதர். "கேட்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கையால் ஒரு தடவை தேடச் சொல்லுங்கள்."

முதலாளிக்கு இஷ்டமில்லை. ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துச் சரி என்றார். நாலு பேர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார்கள். கால் மணிக்கூட ஆகவில்லை. அடுத்த பகுதியில், மூன்றாவது இழுப்பில், சூரியப்பிரபைகளோடு சூரியப்பிரபையாக அது கிடந்தது. காட்டின கூட்டத்தில் யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். திருப்பிப் பார்த்தால், நேர்த்தியாக, ஒரு நூல் பிசகாமல், வெள்ளித் தகட்டின்மேல் அந்தச் சீட்டு. அவளுடைய நேர்த்தியே அவளுக்கு வினையாக வந்திருக்கிறது.

மெஷினை அதன் முன்னால் பிடித்தார்கள். சத்தமே இல்லை. அண்ணாச்சி மடியிலிருந்து ஒரு துண்டு அரக்கை எடுத்தார். விளக்கில் காட்டி இளக்கி, மொச்சைக்கொட்டை கனத்துக்குத் தட்டி, சீட்டைப் பெயர்த்து, நடுவில் வைத்து மறுபடி ஒட்டினார். மெஷின் 'கீக்' என்று கத்தியது. "கல்லுக்கு அடியிலே அரக்கு வைக்காம யாராவது பதிப்பாளா?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அதற்குப் பிறகு இந்தச் சமாசாரத்தை நான் கொஞ்சம் விசாரித்தேன். அரக்கு வைத்தது ஆசாரியின் யோசனை என்றாலும், உலகமும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. இரும்புப் பீரோவிலும் யந்திரத்திலும் ஒட்ட வேண்டுமானால் நுரைப்பஞ்சு அட்டையை அடியில் கொடுக்கிறார்கள். அல்லது சீட்டைக் கொடி போல விளிம்பில் நிமிர்த்தி வைக்கிறார்கள். உலோகத்துக்கென்றே செய்த சீட்டும் உண்டு. அது அடியில் இருக்கிற உலோகத்தையே தன் ஏரியலின் ஒரு பாகமாக்கிக்கொள்ளும்; பெயர்த்து மரத்தில் ஒட்டினால் அதன் குரல் குன்றிவிடும். ரயில்வேயின் சரக்கு வேகன்கள் முழுக்க இரும்பு. 2021-ல் வந்த கணக்குப்படி சுமார் 23,000 வேகன்களில் சீட்டு மாட்டியிருந்தார்கள். ஓடுகிற வண்டியில் அவை தவறாமல் பேர் சொல்ல வேண்டுமானால், இரும்போடு பழகத் தெரிந்த சீட்டாகத்தான் இருக்க வேண்டும். சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டேக்கை ஏன் காரின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடி அலைக்கு வழி விடும். பானெட்டில் ஒட்டியிருந்தால் அது ஊமை.

இதெல்லாம் வாங்குகிறவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். முதலாளிக்கும் சொல்லியிருப்பார்கள். தட்டிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைக்கிற பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. நூலில் தொங்குவது அழகுக்குக் குறைவு என்று அவள் நினைத்தாள். அது பேசுவதற்கு விட்ட இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியே நின்ற பெண்ணை முதலாளி கூப்பிட்டு, "நாளையிலேருந்து வந்திரு, மக்ளே" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. திருடி என்று அவர் வாயால் சொல்லவில்லை ஆகையால், வாபஸ் வாங்கவும் ஒன்றும் இருக்கவில்லை போலும். திரும்பும்போது அண்ணாச்சி சந்தை வாசலில் நின்று பேத்திக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் உலையைப் பற்ற வைத்து என் ராக்கொடியைக் கேட்டு வாங்கினார். கல்லைப் பதித்துக் கொடுத்தபோது கூலி வாங்க மறுத்தார். அந்த ஒரு கணத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற மாதம் அந்தப் பெண்ணைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கடையில் இப்போது எல்லா நகைக்கும் சீட்டை நூலில்தான் கட்டுகிறார்களாம்.

"மெஷின் சரியா எண்ணுகா?" என்று கேட்டேன்.

"எண்ணுகு, மாமா" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "அது எண்ணி முடிச்ச பிறகு, நான் கையாலேயும் ஒரு வாட்டி எண்ணிட்டுத்தான் வாறேன்" என்றாள்.